சிரிப்பு கேட்காத அறை

திசை தெரியாதவர்கள்தான் வழி சொல்வதில் உற்சாகமாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கட்டடம் மாதா கோயிலுக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று போனில் கேட்டேன். கூட்டம் நடத்துகிற அந்த இருதயசாமி, "அதெல்லாம் நமக்குத் தெரியாது சார், பாலக்கரையில இறங்குங்க, முன் கேட்டு ஞாயித்துக்கிழமைக்கு, நீங்க பின் கேட்டு வழியா வாங்க, உள்ள ஒரு மாதா கெபி இருக்கும், அதுக்குப் பக்கத்துல வகுப்பறைங்க" என்றார். போர்டு வைத்திருப்பீர்களா என்றேன். "போர்டு வெச்சா நீங்க வருவீங்களா சார்?" என்றார். "வாசல்ல செருப்பு கிடக்கும், செருப்பைப் பாத்து வந்துடுங்க." வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கல்லூரியில் புவியியல் நடத்தியவனுக்குச் செருப்பை வைத்து இடம் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார். எந்த நிலப்படத்திலும் செருப்புக்கு ஒரு குறியீடு நான் பார்த்ததில்லை. பாலத்துக்கு இருக்கிறது, கிணற்றுக்கு இருக்கிறது, சுடுகாட்டுக்குக்கூட இருக்கிறது. வெயில் இறங்கிவிட்டது, ஆனால் ரோடு இன்னும் சூட்டை விடவில்லை. பகலில் வாங்கிய சூட்டை நிலம் மாலையில் திருப்பிக் கொடுக்கிறது, அதனால்தான் கடல் காற்று, நிலக் காற்று என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருப்பேன். அப்போது கை நடுங்கியதில்லை. இப்போது பேன்ட் பைக்குள் வைத்திருக்கிறேன். பைக்குள் இருந்தால் நடுங்குகிறதா இல்லையா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், அது போதாதா. போதாது, மகள் பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து போனில் அழவில்லை, சண்டை போடவில்லை, பிரசவத்துக்கு அம்மா மட்டும் வரட்டும்ப்பா என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பவள் மாதிரி சொன்னாள். "நீங்க அந்த மாதிரி கூட்டம் எதுக்காவது போக ஆரம்பிங்க, அப்புறம் வாங்க. குழந்தையத் தூக்கிட்டு நீங்க நிக்கிறப்போ நான் உங்க கையையே பாத்துட்டு நிக்க முடியாதுப்பா." அவள் பிறந்தபோது நான் தூக்கினேன். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. நாளைக் காலை பஸ்ஸுக்குத் தையல்நாயகி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், வெந்தயம், ஓமம், பழைய வேட்டித் துணி. நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் பெட்டியிலிருந்து நிமிராமல் "ம்" என்றாள். அந்த ம்-க்குள் ஒரு கண்டமே இருக்கிறது, யாரும் இதுவரை போய்ப் பார்க்காத கண்டம். கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் போயாக வேண்டும், சொல்லாவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடலாம். அந்த எங்கே வேண்டுமானாலும் பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலாவது கட்டடம், பச்சை போர்டு, கம்பி வலை. தாண்டி வந்துவிட்டேன், திரும்பும்போதும் அது அங்கேயேதான் இருக்கும், இந்த ஊரில் இடம் மாறாத ஒரே நிறுவனம். இல்லை, இன்று போகத்தான் போகிறேன். வீட்டில் ஷேவ் பண்ணும்போதே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன், என் பெயர் உலகநாதன், நான் ஒரு குடிநோயாளி. நோயாளி என்ற சொல்லில் எனக்குச் சின்ன மனஸ்தாபம் உண்டு, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடி வாங்கி வருவார்கள், எனக்கு இதுவரை யாரும் வாங்கி வந்ததில்லை.

பின் கேட்டில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதிரியாரைப் பார்க்க வந்தேன், பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் விசாரிக்க வந்தேன், இரண்டு பொய்களைத் தயாராக வைத்திருக்கிறேன். முதல் பொய் வலுவில்லாதது, என் நெற்றியில் விபூதி இருக்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கிறார். "கூட்டத்துக்குத்தான சார்? நேரா போங்க, செருப்பு கிடக்கும்." நான் வாயே திறக்கவில்லை. எதைப் பார்த்துச் சொன்னார், கண்ணையா, நடையையா, பேன்ட் பைக்குள் இருக்கும் கையையா. இஸ்திரி போட்ட சட்டை, கட்டம் போட்ட கைக்குட்டை, தினசரி இரண்டு பேப்பர் படிக்கிற முகம், இதெல்லாம் எதற்கு. இத்தனை வருஷம் நான் மறைத்து வைத்ததாக நினைத்ததை ஒரு மனுஷன் போனிலிருந்து தலையைத் தூக்கின நேரத்தில் வாசித்துவிட்டார் என்றால், மறைத்து வைத்ததெல்லாம் யாரிடமிருந்து. திரும்பிவிடலாமா. திரும்பினால் இவர் முன்னாலேயே திரும்ப வேண்டும், அது இன்னும் கேவலம். அப்படியென்றால் மானம்தான் என்னை உள்ளே தள்ளுகிறது, தள்ளட்டும், எது தள்ளினால் என்ன. வேப்பமரம், சைக்கிள் ஸ்டாண்டு, அப்புறம் கெபி. கருங்கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி உள்ளே மாதாவை நிற்க வைத்திருக்கிறார்கள், காலடியில் மெழுகுவத்தி உருகிக் கெட்டியாகியிருக்கிறது. சுண்ணாம்புக் குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்வது இப்படித்தான், ஒரு விரல் நீளம் வளர எத்தனையோ வருஷம் பிடிக்கும் என்று நடத்துவேன், பையன்கள் கொட்டாவி விடுவார்கள். கெபிக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை, இந்தப் பக்கம் ஒரு வகுப்பறை. இரண்டிலும் டியூப் லைட் எரிகிறது. இரண்டு வாசலிலும் செருப்பு கிடக்கிறது. வாருங்கள் இருதயசாமி அவர்களே, இப்போது சொல்லுங்கள், வடக்கா தெற்கா.

அந்தப் பக்க அறையிலிருந்து சிரிப்பு. சாதாரணச் சிரிப்பு இல்லை, நாலைந்து ஆண்கள் ஒரே சமயத்தில் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறார்கள், ஒருவர் மூச்சு வாங்குகிறார், மறுபடியும் சிரிப்பு. இந்தப் பக்க அறையில் ஒரு குரல் மட்டும், மெதுவாக, நடுநடுவே நின்று. ஆகவே முடிவு எளிது. குடியை விட்டவர்கள் சிரிப்பதற்கு உலகத்தில் என்ன இருக்கிறது. அங்கே ஏதோ கேரம் கிளப், அல்லது பங்குத் திருவிழாவுக்கு நாடக ஒத்திகை. துக்கம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் என் இடம். சான்றுகளிலிருந்து முடிவுக்குப் போவது எப்படி என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைக்கிறேன். பெண்களின் செருப்புகள் நிறைய இருக்கின்றன, கவனிக்கிறேன். உள்ளே பெண்கள், ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பெரியவர் மட்டும் ஆண், மடியில் குடை. பெண்களும் குடிக்கிறார்கள்தானே. ஒரு கணம்கூட அதிர்ச்சி அடையவில்லை நான், அதில் எனக்கே ஒரு பெருமை. இன்னொருவனாக இருந்தால் வாயைப் பிளந்திருப்பான். அந்த நீலச் சேலை அம்மாள், ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்கிறாள், என்ன குடித்திருப்பாள், பிராந்தியா. பாவம். "வாங்கண்ணா, உக்காருங்க, எம் பேரு சகாயமேரி" என்கிறாள் வட்டத்தின் நடுவில் இருக்கும் ஓர் அம்மாள். "இங்க யாரும் ஊரு, பதவி எல்லாம் கேக்க மாட்டோம். வட்டமா ஒவ்வொருத்தரா பேசுவோம். பேச இஷ்டமில்லன்னா கேக்க வந்தேன்னு சொன்னாப் போதும்." பெரியவர் பக்கத்தில் இடம் இருக்கிறது. உட்கார்கிறேன், முட்டி பெஞ்சில் இடிக்கிறது, ஒன்பதாம் வகுப்புக்கு என் கால் நீளம். பெரியவர் சாய்ந்து காதருகில், "மகனா?" என்கிறார். எனக்குப் புரியவில்லை. புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிடுவது என் பழக்கம், துணைவேந்தர்களிடம் வளர்ந்த பழக்கம். ஆட்டிவிட்டேன். அவர் என் முட்டி மேல் கையை வைத்து அழுத்துகிறார். "எனக்கும் மகன்தாங்க. ஒரே மகன்."

மகனா, எந்த மகன். நீலச் சேலை அம்மாள் பேச ஆரம்பிக்கிறாள், பெயர் அலமேலு என்கிறாள், எங்க வீட்டுக்காரர் என்கிறாள். சரி, வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பித்துத் தன் குடிக்கு வருவாள் போல, சிலருக்கு முன்னுரை நீளம். வீட்டுக்காரர் நல்ல மனுஷன் என்கிறாள். கை நீட்ட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், குடிச்சிட்டு வந்தா இன்னும் மரியாதையா பேசுவார், அதான் தாங்க முடியாது என்கிறாள். யாரோ இருவர் தலையை ஆட்டுகிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இங்கே யாரும் குடிப்பவர்கள் இல்லை. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் எங்களைப் போன்றவர்களின் வீட்டில் இருப்பவர்கள். நான் வந்து உட்கார்ந்திருப்பது எதிர்க் கரையில். பெரியவரின் கை இன்னும் என் முட்டி மேல் இருக்கிறது, சூடாக, கனமாக. மகனைப் பெற்றுப் படாத பாடு படுகிற ஒரு தகப்பனுக்கான கை, முகவரி மாறி எனக்கு வந்துவிட்டது. எழுந்து போய்விட வேண்டும். எழுந்தால் அலமேலு பேச்சை நிறுத்திவிடுவாள், எல்லோரும் பார்ப்பார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன், இந்தக் கை நன்றாக இருக்கிறது. இங்கேயே இருந்துவிடலாம். வாராவாரம் வரலாம், இல்லாத மகன் ஒருவனை உண்டாக்கி, அவனுக்கு ஒரு பெயர் வைத்து, இன்ஜினியரிங் பாதியில் நின்றவன் என்று சொல்லி, அவன் குடிப்பதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழலாம். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வார்கள், சாத்துக்குடிகூட வரும். பூங்கோதையிடமும் கூட்டத்துக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. எவ்வளவு வசதியாக இருக்கிறது, சட்டப்படி உண்மை. என் மூளை இப்படித்தான், வழியைத் தவறவிட்டாலும் தவறிய இடத்திலேயே வீடு கட்டிவிடும்.

"எங்க வீட்டு கேட்டுத் தாழ்ப்பாதான் எனக்கு எல்லாம் சொல்லும்" என்கிறாள் அலமேலு. "அது பழைய இரும்புத் தாழ்ப்பா. அவரு உள்ள வந்து போடறப்ப ஒரே தடவையில டக்குன்னு விழுந்துச்சுன்னா நல்ல நாளு, தோசை ஊத்துவேன். டிக், டிக்குன்னு ஓட்டையைத் தேடுச்சுன்னா அடுப்பை அணைச்சுட்டு, தட்டை மூடி வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவேன். தூங்க மாட்டேன், தூங்கற மாதிரி படுத்துக்குவேன்." "எங்க வீட்டுல பைக் ஸ்டாண்டு" என்கிறாள் ஓரத்திலிருந்து ஒருத்தி, "எங்க வீட்டுல இருமல்" என்கிறாள் இன்னொருத்தி. வட்டத்தில் மெல்லிய சலசலப்பு, அது சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புக்கு ஒன்றுவிட்ட உறவு. எங்கள் வீட்டுக் கேட்டிலும் இரும்புத் தாழ்ப்பாள்தான். தையல்நாயகி சீக்கிரம் தூங்குகிறவள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளுக்கு எட்டரைக்கே தூக்கம் வந்துவிடும், குழந்தை மாதிரி என்று. சில நாள் தூங்கியிருப்பாள், மூடிய தட்டு, அணைந்த அடுப்பு. சில நாள் விழித்திருப்பாள், தோசை சூடாக வரும். எந்த நாள் எது என்று நான் கணக்குப் பார்த்ததே இல்லை, மழைக்கும் வெயிலுக்கும் காரணம் தேடிய நான். எங்கோ தொலைவில் தரை நடுங்கினால் இங்கே ஊசி அசைகிற கருவியைப் பற்றி ஒரு பாடம் முழுக்க நடத்தியிருக்கிறேன், என் வீட்டிலேயே ஒன்று மாட்டியிருந்தது, அதன் ஊசியைத் தினமும் அசைத்தவன் நான். அதோடு விட்டேனா. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, தாழ்ப்பாள் கரகரவென்கிறது, பாவம் அவள் தூக்கம் கெடுகிறது என்று நானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் விட்டேன். விட்டு, ஆட்டி, மறுபடி விட்டு, இனி வெண்ணெய் மாதிரி போகும் பார் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் அவள் இரவில் கூடத்தில் உட்கார ஆரம்பித்தாள். டிவி பார்க்கிறாள் என்று நினைத்தேன், இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று கேலிகூடச் செய்தேன். டிவியில் சத்தம் இருக்காது. சத்தமில்லாமல் ஓடும் டிவிக்கு முன்னால் அவள் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளுக்கு இருந்த ஒரே கருவியை நான் எண்ணெய் விட்டு ஊமையாக்கிவிட்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்திருக்கிறேன்.

வட்டம் சுற்றி வருகிறது. ஒருத்தி கேக்க வந்தேன் என்கிறாள், அடுத்தவர் பெரியவர். அவர் குடையைப் பார்த்துக்கொண்டே, மகன் இந்த வாரம் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், போனான், அவ்வளவுதான் என்கிறார். என் முறை. கேக்க வந்தேன் என்று சொல்லிவிடலாம், அதுவும் பொய்யில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். "சொல்லுங்கண்ணா" என்கிறாள் சகாயமேரி. முட்டி மேலிருந்த கையை நான் மெதுவாக எடுத்து அவர் மடியிலேயே வைக்கிறேன். "மன்னிக்கணும். நான் அறை மாறி வந்துட்டேன். குடிக்கிறது நான்தான்." எதிர் அறையில் அந்த நேரம் பார்த்து மறுபடி சிரிப்பு. அலமேலு என்னையே பார்க்கிறாள், கோபமாகத்தான். "எல்லாத்தையும் உக்காந்து கேட்டுட்டு இப்ப சொல்றீங்க." "ஆமாங்க." "ஏன் மொதல்லயே போகல?" "மொதல்ல தெரியலைங்க. தெரிஞ்சப்புறம் நீங்க தாழ்ப்பாவைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க." பெரியவர் குடையை நிமிர்த்திப் பிடிக்கிறார். "அப்ப மகன் இல்லையா?" "ஒரு மகள் இருக்கா. அவ குடிக்கறதில்ல." ஓரத்தில் இருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். "உங்க ரூம் அதாண்ணா, சிரிப்புச் சத்தம் கேக்குதுல்ல" என்கிறாள் சகாயமேரி. "வெளிய போனா கேட்டுப் பக்கம் பாக்காதீங்க. நேரா போங்க."

வெளியே இருட்டத் தொடங்கியிருக்கிறது, கெபியில் யாரோ புதிதாக ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டுப் பக்கம் பார்க்காதீர்கள் என்றால் எல்லோரும் முதலில் எங்கே பார்ப்பார்களோ அங்கே பார்க்கிறேன். திறந்துதான் இருக்கிறது. வாட்ச்மேன் போனில் இருக்கிறார். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் ஒரு முற்றம், அவ்வளவுதான், ஆனால் கேட்டும் அதே முற்றத்தில்தான் திறக்கிறது, கேட்டுக்கு அப்பால் ரோடு, ரோட்டில் நாலாவது கட்டடம். நாக்கு வறண்டிருக்கிறது. மனசு கணக்குப் போட ஆரம்பிக்கிறது, இன்றைக்கு இவ்வளவு கேட்டுவிட்டாய், இவ்வளவு சொல்லியும்விட்டாய், இது போதும், மிச்சம் அடுத்த வாரம், இப்போது மனசு கனத்திருக்கிறது, ஒன்றே ஒன்று, சின்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், மிகவும் படித்த குரல், மேற்கோள் இல்லாமல் பேசாது. கால் செருப்பைத் தேடுகிறது. ஒரு செருப்பில் விரல் நுழைந்தும்விட்டது. செருப்பைப் போட்டால் இந்தக் கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அதற்கு வழி பழக்கம், வடக்குத் தெற்கு தேவையில்லை. விரலை எடுத்துவிடுகிறேன். செருப்பு இங்கேயே இருக்கட்டும், இவர்கள் வரிசையில், அலமேலுவின் செருப்புக்குப் பக்கத்தில். வெறுங்காலோடு பாலக்கரை ரோட்டில் இறங்கி கம்பி வலைக்கு முன்னால் வரிசையில் நிற்கிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை, என் கர்வம் விடாது. இத்தனை நாள் என்னைக் கெடுத்த கர்வம், இன்று ஒரு நாள் வேலை செய்யட்டும். ஜல்லி குத்துகிறது. கருங்கல் ஜல்லி, நிலத்துக்கடியில் குழம்பாக இருந்து மெதுவாகக் குளிர்ந்தது, மெதுவாகக் குளிர்ந்ததால்தான் இவ்வளவு கெட்டி. குத்தட்டும். ஒவ்வொரு கல்லாக, இதோ கெபி, இதோ மாதா, தாயே நான் உன் ஆள் இல்லை, இருந்தாலும் பார்த்துக்கொள்.

வாசலில் நிற்கிறேன். உள்ளே எல்லோரும் ஆண்கள், அதே ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சு, அதே வட்டம். ஒல்லியான ஒருவர் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார், மொட்டைமாடித் தண்ணி டேங்க்கில் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தாராம், எடுக்க மேலே ஏறியதும் சம்சாரம் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். "விடிய விடிய டேங்க் மேலயே உக்காந்திருந்தேன். காலையில பால்காரன் கீழேருந்து கேக்கறான், என்னண்ணே, கும்பாபிஷேகமா?" பெஞ்சுகள் அதிர்கின்றன. எனக்கும் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு, எப்போது கடைசியாக இப்படிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது நினைவு வருகிறது, இது அந்த அறைக்குக் கேட்கும். ஏணியை எடுத்துக்கொண்டு போனவள் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவள் அந்த ராத்திரி தூங்கியிருக்கமாட்டாள். வெள்ளை மீசைக்காரர் ஒருவர் எழுந்து வருகிறார், போனில் கேட்ட குரல். "உலகநாதன் சார்தான? வந்துட்டீங்க. வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா போச்சோ?" குனிந்து என் காலைப் பார்க்கிறார். "என்ன சார், செருப்பு இல்லாம?" "அந்த ரூம் வாசல்ல இருக்கு." எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள், சத்தமாகச் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி மனிதர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார். "அங்க என்ன பேசிட்டிருந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்கிறார், சின்னப் பையன் பரீட்சை மார்க் கேட்கிற குரலில். அது அங்கே பேசினது, இங்கே சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. "நம்மளைப் பத்தித்தான்" என்கிறேன். உட்கார்கிறேன். முட்டி இடிக்கிறது. இருதயசாமி எல்லோரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் பேன்ட் பையிலிருந்து கையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைக்கிறேன், எல்லோரும் பார்க்கிற மாதிரி. நடுங்குகிறது. நடுங்கட்டும். "எம் பேரு உலகநாதன்" என்கிறேன். ஷேவ் பண்ணும்போது ஒத்திகை பார்த்த மற்றது தொண்டையில் வரிசையாக நிற்கிறது, வந்துவிடும், வந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய துணி ஒன்றை எடுத்து அந்தத் தாழ்ப்பாளில் இருக்கும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். நன்றாகத் துடைத்துவிட்டு, கேட்டைத் திறந்து திரும்ப வெளியே போய் நின்று, உள்ளே வந்து, ஒரே தடவையில் போட வேண்டும், கூடத்தில் இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி.